நாலாவது லைனும் மாமியின்ர பெட்ஷீட்டும்

ஐஸ் ஹொக்கியில நான் முன்னுக்கு விளையாடுற ஆள். இஞ்ச சுவிஸில ஸ்ட்யூர்மர் எண்டு சொல்லுவினம். கோல் அடிக்கிறதுதான் அந்த ஆளின்ர வேலை. பேக்கரிக்காரர் பாண் போடவேணும், பஸ் ஓட்டுறவர் பஸ் ஓட்டவேணும், ஸ்ட்யூர்மர் கோல் அடிக்கவேணும். நான் இதைத் தொழிலாச் செய்யத் துவங்கினதில இருந்து இந்தக் கதை நடக்கும் வரைக்கும் ஒரு கோலும் அடிக்கேல்லை. சும்மா பணிவுக்குச் சொல்லுறன் எண்டு நினைக்காதையுங்கோ. ஒண்டுமில்லை. பூச்சியம்.

ஒரு கழகத்தில முன்னுக்கு விளையாடுறவையை மூண்டு மூண்டு பேரா நாலு லைனாப் பிரிச்சு வைச்சிருப்பினம். ஒரு லைன் ஒரு நிமிசம் கூட ஐஸில நிக்காது. மூச்சு வாங்க ஓடிவந்து வாங்கில குந்த, அடுத்த லைன் தடுப்புப் பலகையைத் தாண்டிக் குதிக்கும். முதலாவது லைனில இருக்கிறவை கடவுள்மார். ரெண்டாவது லைன் கடவுள்மாரின்ர சொந்தக்காரர். மூண்டாவது லைன் பாவங்கள், ஓடி ஓடித் தடுக்கிறவை. நாலாவது லைன் எதுக்கெண்டால், மற்றவை தண்ணி குடிச்சு முடியிற வரைக்கும் ஐஸைச் சும்மா விடேலாதுதானே, அதுக்கு. போ, ஆரையாவது இடி, அடிக்கிற பக்கெல்லாம் உன்ர உடம்பில படட்டும், திரும்பி வா. பக் எண்டால் அந்தக் கறுப்பு றப்பர் வட்டு. கல்லு மாதிரி இருக்கும். என்ர உடம்பில அது படாத இடம் உள்ளங்கால் மட்டும்தான்.

நாங்கள் இருக்கிற ஆராவ் ரவுணில எங்கட ஆக்களின்ர கடை ஒண்டிருக்கு. கறிவேப்பிலை வாங்கப் போனால் கல்லாவில நிக்கிற அண்ணை விடமாட்டார்.

"தம்பி, நேற்று அடிச்சனீரோ?"

"இல்லை அண்ணை."

"முன்னுக்குத்தானே நிக்கிறனீர்?"

"ஓம் அண்ணை."

"அப்ப கொஞ்சம் பின்னுக்கு நிண்டு பாருமன்."

பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, கறிவேப்பிலையில இன்னும் ரெண்டு கொப்பு கூடப் போட்டுத் தருவார். அந்த ரெண்டு கொப்பு எனக்குக் குடுத்த அவமானத்தை எதிராளியின்ர ரசிகர்கள் கூடக் குடுத்ததில்லை.

நான் இந்த விளையாட்டுக்குள்ள வந்து விழுந்ததுக்கு அம்மாவின்ர குசினிதான் காரணம். ஐஸ் மண்டபத்தோட சேர்ந்த சாப்பாட்டுக் கடையில அம்மா வேலை செய்தவ. பள்ளிக்கூடம் விட்டால் என்னை அங்கதான் கூட்டிக்கொண்டு போகவேணும். குசினிக்குள்ள நான் கால் மாட்டுக்குள்ள நிண்டு கரைச்சல் குடுக்கிறன் எண்டு, ஆரோ விட்டிட்டுப் போன சறுக்குச் சப்பாத்தைக் கொழுவி ஐஸில இறக்கி விட்டிட்டா. "விழுந்தால் சத்தம் கேக்கும், எங்க நிக்கிறான் எண்டு தெரியும்" எண்டதுதான் அவவின்ர கணக்கு. விழுந்து விழுந்து ஓடப் பழகினன். ஓடப் பழகினதுக்கு ஒரு கோச் தடியைத் தந்தார். தடியைத் தந்தவர் அதால என்ன செய்யிறது எண்டு சொல்லித் தந்தவர்தான், நான்தான் கவனிக்கேல்லைப் போல.

ஒருக்கா ஒரு கோல் விழுந்தது. பொய் சொல்லக் கூடாது, விழுந்தது. ஒலிபெருக்கியில என்ர பேரைச் சொன்னாங்கள். பேரைக் கடிச்சுக் குதறித்தான் சொன்னாங்கள், எண்டாலும் சொன்னாங்கள். பிறகு நடுவர்மார் போய் வீடியோவைப் போட்டுப் பாத்திட்டு, பக் கடைசியாப் பட்டது எங்கட கப்டனின்ர சப்பாத்தில எண்டு சொல்லி அவருக்குக் குடுத்திட்டினம். அவங்கள் வீடியோ பாத்த நேரத்துக்குள்ள அப்பா கனடாவுக்கும் லண்டனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போன் எடுத்துச் சொல்லிப்போட்டார். பிறகு மூண்டு இடத்துக்கும் திருப்பி எடுத்து, "இல்லையாம், அது வேற பொடியனாம்" எண்டு சொன்னார். யாழ்ப்பாணத்திலயிருந்த சித்தப்பா மட்டும் கடைசி வரைக்கும் அதை நம்பேல்லை. நடுவருக்கு எங்கட ஆக்களில கொதி எண்டு இப்பவும் சொல்லுவார்.

என்ர முன்வாய்ப் பல்லு ரெண்டு உடைஞ்ச அண்டுதான் அவளைக் கண்டது. பல் வைத்தியரின்ர கதிரையில மல்லாக்கக் கிடக்கிறன். வைத்தியர் ஊசியைக் கொண்டுவர, "ஐயோ அம்மா!" எண்டு கத்திப்போட்டன். எச்சில் உறிஞ்சுற குழாயைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட பெட்டை, முகமூடிக்குள்ளயிருந்து, "அம்மாவைப் பிறகு கூப்பிடலாம், இப்ப வாயைத் திறவுங்கோ" எண்டாள். அந்தக் கதிரையில கிடந்தபடியே எனக்கு அவளில விருப்பம் வந்திட்டுது. வாய் விறைச்சிருந்த படியால் சொல்லேலாமல் போச்சு. சொல்ல இன்னும் மூண்டு தரம் பல்லுக் காட்டப் போக வேண்டியிருந்தது.

அவள் எங்கட கழகத்தின்ர ஆட்டத்துக்கு வரத் துவங்கினாள். ஒண்டையும் தவறவிடமாட்டாள். தேத்தண்ணிப் போத்தலும் கையுமா, எங்கட வாங்குக்கு நேர் எதிர்ப்பக்கம் வந்து குந்துவாள். "நீங்கள் ஒரு கோல் அடிக்கிறதை என்ர கண்ணால பாத்தாப் பிறகுதான் கலியாணம்" எண்டு முதலில பகிடிக்குச் சொன்னாள். ரெண்டு குளிர்காலம் போனாப் பிறகு, "உதைப் பாத்துக்கொண்டிருந்தால் நான் கிழவியாயிடுவன், சரி வீட்டை வந்து கேளுங்கோ" எண்டு இறங்கி வந்தாள்.

நாங்கள் ஷ்லீரன் ஊரில இருக்கிற அவையின்ர வீட்டுக்குப் போய்க் கேட்டம். மாமா பாண் தொழிற்சாலையில வேலை. மாப்பிள்ளை ரிவியில வாற ஆள் எண்ட உடனேயே அவர் சம்மதிச்சிட்டார். மாமி வேற ரகம். சடங்கு சம்பிரதாயத்தில ஒரு நூல் விடமாட்டா. ஷ்லீரனில ஆற்ற வீட்டில என்ன விசேசம் எண்டாலும், எத்தினை தட்டு, எந்தப் பக்கம் குத்துவிளக்கு, ஆர் முன்னுக்கு நடக்கிறது எண்டு மாமிக்குத்தான் போன் வரும். என்னை மேலயும் கீழயும் பாத்திட்டு, "பல்லு ஒட்டினதோ?" எண்டு கேட்டா. ஓம் எண்டன். "கலியாணம் முடியும் வரைக்கும் கழலாதோ?" எண்டா.

அந்த வருசம் கழகம் என்னைக் கூப்பிட்டு, இந்தப் பருவத்தோட போதும், அடுத்த முறைக்கு உன்னை எடுக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டுது. நான் ட்ராம் ஓட்டப் பழகப் பதிஞ்சிட்டன். அதில எனக்குக் கவலை இல்லை, ட்ராம் தண்டவாளத்தில போறது, கோல் அடிக்கச் சொல்லி ஒருத்தரும் கேக்கமாட்டினம். ஆனால் அவள் விடேல்லை. "ஒண்டே ஒண்டு. முடியிறதுக்கு முன்னம் ஒரேயொரு கோல், நான் பாத்துக்கொண்டிருக்க. பிறகு நீங்கள் ட்ராம் ஓட்டுங்கோ, மாடு மேய்க்கப் போங்கோ." எனக்கும் அதுதான் ஆசை. கிண்ணம் வேண்டாம், பேப்பரில படம் வேண்டாம். இவ்வளவு குளிருக்குள்ள வந்து குந்தியிருந்த ஒருத்திக்கு ஒரு கோல் காட்டவேணும். ராவு பகலா அதுதான் மண்டைக்குள்ள.

கலியாண நாளை ஐயர் மார்ச்சில குறிச்சுத் தந்தார். பிளே ஓஃப் வருமே எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லை. பிளே ஓஃப் எண்டுறது பருவக் கடைசியில நல்ல கழகங்கள் மட்டும் மோதுறது, ஒரே எதிராளியோட திருப்பித் திருப்பி விளையாடி நாலு தரம் தோத்தவை வீட்டை போகவேணும். எங்கட கழகம் அதுக்கு எட்டிப் பாத்தே கன காலம். "மார்ச்சில நான் சும்மாதான் மாமி இருப்பன்" எண்டு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னனான். அந்த வருசம் பாத்து, கண்டறியாத அதிசயமா, நாங்கள் கடைசி இடத்தைப் பிடிச்சு உள்ளுக்குப் போயிட்டம். போய், வழக்கப்படி மூண்டு தரம் தோத்தும் போட்டம். இன்னொண்டு தோத்தால் முடிஞ்சுது.

அந்த நேரத்திலதான் பொன்னுருக்கல் வந்தது. தாலிக்குப் பொன்னை உருக்கிறது மாப்பிள்ளை வீட்டில. எங்கட ஆராவ் வீட்டு வரவேற்பறையில ஆசாரியார் காஸ் அடுப்பை மூட்டி நாணயத்தை உருக்க, அப்பா கூரையில இருக்கிற புகை மணிக்குக் கீழ கதிரையில ஏறி நிண்டு பேப்பரால விசுக்கிக்கொண்டே நிண்டார். எல்லாம் நல்லா முடிஞ்சு, பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க மாமி சொன்னா, "தம்பி, பொன்னுருக்கியாச்சு. இனிக் கலியாணம் வரைக்கும் நீங்கள் ரெண்டு பேரும் ஆளையாள் பாக்கக் கூடாது." எனக்குத் தெரிஞ்ச விசயம்தானே, "ஓம் மாமி" எண்டு தலையாட்டிக்கொண்டு பயித்தம் பணியாரத்தைக் கடிச்சன். பாதி கடிக்கேக்கதான் விளங்கிச்சுது. பொன்னுருக்கலுக்கும் கலியாணத்துக்கும் இடையில எங்கட மண்டபத்தில வெள்ளிக்கிழமை ஆட்டம். அதை வெண்டு, ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலயும் தப்பினால், செவ்வாய்க்கிழமை எங்கட மண்டபத்தில இன்னொண்டு. என்ர வாழ்க்கையில மிச்சமிருக்கிறது அவ்வளவுதான். பணியாரம் தொண்டைக்குள்ள நிண்டிட்டுது.

பின்னேரம் அவள் போன் எடுத்தாள். போனில கதைக்கிறதுக்குத் தடை இல்லை, மாமி அதை முதலே ஆராய்ஞ்சு வைச்சிருந்தா. பின்னால மாமியின்ர சத்தம் கேக்குது.

"அம்மா, விளையாட்டுப் பாக்கிறது மாப்பிள்ளையைப் பாக்கிறது இல்லை. அவர் அங்க வேலையில நிக்கிறார்."

"ஓம், நாளைக்கு அவர் ட்ராம் ஓட்டினால் ஏறி மடியில குந்துவியோ? கூடாது எண்டால் கூடாது."

"ரிவியிலயாவது?"

"ரிவியிலயும் அவர்தானே வாறார்?"

அழுகிற அளவுக்கு வந்திட்டாள். நானும் இஞ்ச அந்தரப்பட்டுக்கொண்டு நிக்கிறன். கடைசியில மாமாதான் ஐயருக்குப் போன் எடுத்தார். ஐயர் நல்ல மனிசன், அவசரப்படமாட்டார். முதலில எல்லாத்தையும் விசாரிச்சார். எவ்வளவு தூரத்தில நிப்பினம்? முகம் தெரியுமோ? மாப்பிள்ளை தலையில என்ன போட்டிருப்பார்? ஹெல்மெற் எண்டு சொன்ன உடன, அது தலைப்பாகைக் கணக்கில வருமோ எண்டு கொஞ்சம் யோசிச்சாராம். பிறகு தீர்ப்புச் சொன்னார். "பெண்பிள்ளை மணவறைக்கே முகத்திரையோடதானே வாறா. இடையில ஒரு திரை இருக்குமெண்டால் குற்றமில்லை."

அவருக்கு என்ன, சொல்லிப்போட்டுப் போனை வைச்சிட்டார். மாமி அதை அப்பிடியே பிடிச்சுக்கொண்டா. முகத்திரை போதாது, இவள் தூக்கிப்போட்டுப் பாப்பாள் எண்டு மாமிக்குத் தெரியும். திரை மாமியின்ர கையில இருக்கவேணும். நான் ஐஸில இல்லாத நேரம் பிள்ளை ஆட்டத்தைத் தாராளமாப் பாக்கலாம், நான் இறங்கினால் திரை ஏறும். எனக்கும் ஒரு கட்டளை வந்தது, "தம்பி, நீங்களும் மேல பாக்கப்படாது."

வெள்ளிக்கிழமை முதல்தரம் நான் தடுப்பைத் தாண்டிக் குதிக்கிறன், எதிர்ப்பக்கக் கதிரையளுக்கு நடுவில செம்மஞ்சள் பூப் போட்ட பெரிய பெட்ஷீட் ஒண்டு மெல்ல எழும்புது. ஒரு மூலையில மாமி, மறு மூலையில மாமா. பெட்ஷீட்டுக்குப் பின்னால தேத்தண்ணிப் போத்தலின்ர மூடி மட்டும் தெரியுது. எனக்குச் சிரிப்பு வந்து, சிரிச்சதில கால் தடக்கி, ஒருத்தரும் இடிக்காமலே விழுந்தன். எழும்பி வாங்குக்கு ஓடிவர, பெட்ஷீட் இறங்கிச்சுது.

பின்னுக்கு இருந்த வயசான சுவிஸ்காரருக்கு மறைச்சிட்டுதாம். அவர் கோபமா என்னவோ கேக்க, மாமா தன்ர ஜேர்மன் பாசையில, "கலியாணம். அடுத்த கிழமை. பாக்கக் கூடாது" எண்டு விளங்கப்படுத்தினாராம். மனிசன் உடனே மரியாதையாத் தலையாட்டி, மாமிக்குக் கை நோகும் எண்டு அந்த மூலையைத் தான் வாங்கிப் பிடிச்சாராம். இந்த நாட்டில ஒரு சட்டம் எண்டு சொன்னால் காணும், பிறகு ஏன் எதுக்கு எண்டு கேக்கமாட்டினம். நிண்டு பாக்கிற பக்கத்தில இருக்கிற எங்கட ரசிகர்களுக்கும் இது முசுப்பாத்தியாப் போச்சு. பெட்ஷீட் எழும்பினால் "ஓ...!" எண்டு கத்துவாங்கள், இறங்கினால் "ஆ...!" எண்டு கத்துவாங்கள்.

எதிராளியின்ர கோச் விசரன் இல்லை. பெட்ஷீட் எழும்பினால் எங்கட நாலாவது லைன் இறங்குது எண்டு கண்டுபிடிச்சிட்டான். உடனே தன்ர முதலாவது லைனை இறக்கிறான், அவங்கள் எங்களைப் போட்டுத் துவைக்கிறாங்கள். இடைவேளையில எங்கட கோச் உறுமிக்கொண்டு வந்தார். எங்கட லைன் மாத்திறதை அவங்களுக்குக் கொடி பிடிச்சுக் காட்டுறது ஆர் எண்டு கேட்டார்.

"என்ர மாமி" எண்டன்.

எல்லாத்தையும் சொல்லு எண்டு பக்கத்தில குந்தினார். நான் பொன்னுருக்கலில துவங்கி முகத்திரை வரைக்கும் சொன்னன். அவரின்ர முகத்தில மெல்ல ஒரு கள்ளச் சிரிப்பு வந்தது. கடைசிப் பகுதியில, சமநிலையில நிக்கேக்க, காதுக்குள்ள சொன்னார், "ஐஸில ஒரு காலை மட்டும் வை. வைச்சிட்டு எடு."

வைச்சன். பெட்ஷீட் எழும்பிச்சுது. எதிராளியின்ர கோச் கத்த, அவங்கட முதலாவது லைன் குதிச்சுது. நான் காலை எடுத்தன். பெட்ஷீட் இறங்கிச்சுது. குதிச்சவை திரும்பி ஓட, ஓடினவை திரும்பிக் குதிக்க, திருப்பியும் காலை வைச்சன். மாமி பாவம், கடமை தவறாமல் தூக்கிறதும் இறக்கிறதுமா நிக்கிறா. கடைசியில அவங்கட பக்கம் ஐஸில ஏழு பேர். ஆறு பேருக்கு மேல நிண்டால் தண்டனை. நடுவர் விசில் அடிச்சார். அவங்களில ஒருத்தன் வெளிய போக, எங்கட கடவுள்மார் போய் கோலைப் போட்டுட்டு வந்தினம். வெண்டிட்டம். ஐஸில ஒரு காலை மட்டும் வைச்சு ஆட்டத்தை வெண்டு குடுத்த ஸ்ட்யூர்மர் உலகத்தில நான் ஒருத்தன்தான் எண்டு நினைக்கிறன்.

மாமி வீட்டை போய்க் கேட்டாவாம், "அவர் ஏன் காலை வைக்கிறார், எடுக்கிறார்? காலில நோவோ? அடுத்த கிழமை மணவறையைச் சுத்தி வருவாரோ?"

ஞாயிற்றுக்கிழமை வெளியூரில போய் விளையாடி அங்கயும் எப்பிடியோ தப்பிட்டம். அடுத்த நாள் மாமியிட்டயிருந்து நேரடியா எனக்குப் போன். தாடி விசயம். எங்கட விளையாட்டில பிளே ஓஃப் துவங்கினால் தோக்கிற வரைக்கும் ஒருத்தரும் முகம் வழிக்கிறேல்லை, அது ஒரு நம்பிக்கை. என்ர மூஞ்சை அதுக்குள்ள தும்புத்தடி மாதிரிப் போயிட்டுது. ஷ்லீரனில எங்கட ஆக்களுக்கு மாப்பிள்ளை தாடி விட்டால் மூண்டே மூண்டு காரணம்தான் தெரியும். வீட்டில செத்த வீடு, இல்லையெண்டால் காதல் தோல்வி, இல்லையெண்டால் மனிசி பிள்ளைத்தாச்சி.

"தம்பி, ஏன் தாடி எண்டு சனம் விடுப்புக் கேக்கினம். செத்த வீடு இல்லை எண்டு எனக்குத் தெரியும்" எண்டா மாமி. "மற்ற ரெண்டுக்கும் நீங்கள்தான் பதில் சொல்லவேணும்."

"மாமி, சத்தியமா இது ஹொக்கித் தாடி. தோத்த உடன வழிச்சிடுவன்."

"அப்ப கெதியாத் தோவுங்கோ" எண்டு வைச்சிட்டா.

செவ்வாய்க்கிழமை மண்டபம் நிரம்பி வழிஞ்சது. நிண்டு பாக்கிற பக்கம் முழுக்கப் பெட்ஷீட். வெள்ளை, நீலம், கோடு போட்டது, டைனோசர் படம் போட்ட சின்னப் பிள்ளையளின்ரது. வெள்ளிக்கிழமை வெண்டதுக்கு மாமியின்ர பெட்ஷீட்தான் காரணம் எண்டு அவங்களுக்கு நம்பிக்கை. நான் ஐஸில இறங்க, நூற்றுக்கணக்கில பெட்ஷீட் எழும்புது. எழுப்பினவங்களுக்கே ஒண்டும் தெரியாது. ஒரு ஆட்டக்காரன் விளையாடுறதைப் பாக்காமல் இருக்கிறதுக்கு வீட்டிலயிருந்து சாமான் தூக்கிக்கொண்டு வாற ரசிகர்கள் எனக்கு மட்டும்தான் வாய்ச்சவை. எதிராளியின்ர கோச் இந்த முறை அந்தப் பக்கம் திரும்பியும் பாக்கேல்லை.

ஒழுங்கா விளையாடினதில அவங்கள் எங்களைப் பந்தாடினாங்கள். கடைசிப் பகுதியில நாலுக்குப் பூச்சியம். ஐஞ்சு நிமிசம் இருக்கோ இல்லையோ, கோச் எங்கட லைனைப் பாத்து, "போங்கோ பொடியள்" எண்டார். அந்தக் குரலிலயே தெரிஞ்சுது, இதுதான் கடைசித் தரம். நான் தடுப்பைத் தாண்டினன். மாமியின்ர கட்டளையை மீறி மேல பாத்தன். செம்மஞ்சள் பூ இல்லை. வெள்ளையா ஏதோ ஒண்டு எழும்பி நிக்குது. பூப் போட்டது தோய்க்கப் போட்டிருப்பா எண்டு நினைச்சன். எது எண்டால் என்ன, அதுக்குப் பின்னால அவள் இருக்கிறாள், நான் இஞ்ச நிக்கிறன், இன்னும் கொஞ்ச நேரத்தில எல்லாம் முடியப் போகுது.

நாலாவது லைன் ஸ்ட்யூர்மருக்கு ஒரு வேலை இருக்கு. எதிராளியின்ர கோலுக்கு முன்னால போய், கோல் காப்பாளருக்கு ஒண்டும் தெரியாமல் மறைச்சுக்கொண்டு நிக்கவேணும். அதாவது நானும் ஒரு பெட்ஷீட்தான். நான் அங்க போய் எங்கட ஆக்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு, திருப்பியும் அந்த வெள்ளைத் துணியைப் பாத்தன். பாக்க, பின்னுக்கிருந்து எங்கட தடுப்பாட்டக்காரன் ஒருத்தன் பக்கை ஓங்கி அடிச்சது எனக்குத் தெரியாது. குனிஞ்சு தடியை ஊண்டப் போனன். என்ர குண்டியில வந்து பட்டுது ஒரு அடி! கண்ணில பூச்சி பறந்தது. "ஐயோ அம்மா!" எண்டு கத்திக்கொண்டு நிமிர்ந்து பாத்தால் பக் வலைக்குள்ள கிடக்குது.

ஊதுகுழல் ஊதிச்சுது. சிவப்பு விளக்கு எரிஞ்சுது. எங்கட ரசிகர்களுக்கு என்ன நடந்தது எண்டே தெரியாது, எல்லாம் பெட்ஷீட்டுக்குப் பின்னால. ஒவ்வொருத்தனா எட்டிப் பாத்து, "ஆர்? ஆர்?" எண்டு கேக்கிறாங்கள். நடுவர்மார் வீடியோ பாக்கப் போச்சினம். இந்த முறையும் ஆற்றயும் சப்பாத்து எண்டு சொல்லப் போறாங்கள் எண்டு நிக்க, நடுவர் வந்து கையை நீட்டிக் காட்டினார். கோல். என்ர கோல். ஒலிபெருக்கியில என்ர பேரைத் திருப்பியும் கடிச்சுக் குதறினாங்கள். எங்கட பொடியள் முழுப்பேரும் ஓடிவந்து எனக்கு மேல விழுந்தாங்கள், கப்டன் என்ர ஹெல்மெற்றில முத்தம் குடுத்தார். நாலுக்கு ஒண்டு எண்ட ஆட்டத்தில இப்பிடி ஒரு கொண்டாட்டத்தை எதிராளியள் கண்டிருக்கமாட்டாங்கள்.

அந்தக் குவியலுக்குள்ளயிருந்து நான் தலையை நீட்டி அவளின்ர பக்கம் பாத்தன். வெள்ளைத் துணி அப்பிடியே நிமிர்ந்து நிக்குது. மாமி அசையேல்லை. சந்தோசமும் வயித்தெரிச்சலும் ஒண்டா வந்தால் எப்பிடி இருக்கும் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரிஞ்சுது. கோதாரி விழுந்த கோல், இவ்வளவு காலமும் வராமல் இருந்திட்டு, அவள் பாக்கேலாத ஒரு நிமிசத்தைத் தேடிப் பிடிச்சு வந்திருக்கு! கண்ணால தண்ணி ஓடிச்சுது. பொடியள் அதைச் சந்தோசக் கண்ணீர் எண்டு நினைச்சு இன்னும் இறுக்கிக் கட்டிப்பிடிச்சாங்கள்.

தோத்திட்டம். என்ர தொழில் அதோட முடிஞ்சுது. அப்பா இந்த முறை நடுவர் கையைக் காட்டும் வரைக்கும் பொறுத்திருந்துதான் மூண்டு இடத்துக்கும் போன் எடுத்தார். நான் அவளுக்கு எடுத்தன். "சந்தோசம்" எண்டாள். "அம்மா பக்கத்தில நிக்கிறா" எண்டாள். வைச்சிட்டாள். கண்டனீரோ எண்டு கேக்க எனக்கு மனமில்லை. காணேல்லை எண்டு தெரிஞ்சுகொண்டு கேட்டு என்ன? வீடியோவை அனுப்பலாம்தான், ஆனால் அவள் கேட்டது வீடியோ இல்லையே. அடுத்த நாள் தாடியை வழிச்சன். ஆராவ் கடை அண்ணை கறிவேப்பிலையோட ஒரு வாழைப்பூவும் சும்மா தந்தார். எனக்கு ஒண்டிலயும் மனம் ஒட்டேல்லை.

கலியாணத்துக்கு எங்கட கழகப் பொடியள் எல்லாரும் வந்தாங்கள். அப்பா அவங்களுக்கு வேட்டி கட்டிவிட்டு, அவிழாமல் இருக்க மேல பெல்ற்றும் கட்டிவிட்டிருந்தார். மணவறையில நான் தலைப்பாகையோட குந்தியிருக்கிறன். நாதஸ்வரம் முழங்க, அவளைக் கூட்டிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில இருத்தினம். முகத்திரையை எடுத்தினம். பொன்னுருக்கினாப் பிறகு முதல்தரம் அவளின்ர முகத்தைப் பாக்கிறன். என்ன வடிவு! நான் வாயைப் பிளந்துகொண்டு இருக்க, அவள் நிலத்தைப் பாத்தபடி, உதடு அசையாமல் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ. ஒரு மனிசன் குண்டியாலயோ கோல் அடிக்கிறது?"

"ஆர் உமக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. கண்டனான்."

ஐயர் மந்திரத்தைச் சொல்லி அட்சதையை எடுக்கச் சொன்னார். எடுத்தன்.

"நீர் திரைக்குப் பின்னாலயெல்லோ இருந்தனீர்?"

"அம்மா அண்டைக்குத் தன்ர மெல்லிய வெள்ளை வொயில் சீலையைக் கொண்டுவந்தவ. அந்த வெளிச்சத்துக்கு எல்லாம் அப்பிடியே தெரிஞ்சுது. நீங்கள் துள்ளினதும் தெரிஞ்சுது. பிறகு தலையை நீட்டி எங்கட பக்கம் பாத்து அழுதுகொண்டு நிண்டதும் தெரிஞ்சுது."

"வேர்வை."

"பொய் சொல்லாதையுங்கோ, நானும்தான் அழுதனான்."

"அப்ப அந்தப் பூப் போட்ட பெட்ஷீட்?"

"தோய்ச்சது காயேல்லை எண்டு அம்மா சொன்னவ. அது அலுமாரிக்குள்ள மடிச்சபடி கிடந்தது."

நான் மெல்லத் தலையைத் திருப்பினன். மாமி எங்களுக்குப் பின்னால, பட்டுச் சீலையும் பெரிய பொட்டுமா, குத்துவிளக்குப் பக்கத்தில விறைப்பா நிக்கிறா. ஐயரின்ர கையையே கவனமாப் பாத்துக்கொண்டு நிக்கிறா.

"மாமி" எண்டன். "அந்த வொயில் சீலை..."

மாமி என்னைப் பாக்கேல்லை. முகத்தில ஒரு அசைவும் இல்லை.

"தம்பி, வாயை மூடிக்கொண்டு இருங்கோ" எண்டா. "ஐயருக்குக் கேக்கப் போகுது."